நீல விளிம்புக் கிண்ணம்

பெட்டிக்குள் கையை விட்ட குன்சுலுவுக்கு அடிப்பலகைதான் தட்டுப்பட்டது. காலையில் மூடி மூட முடியாமல் நிறைந்திருந்த பெட்டி. இப்போது மூலையில் விரிசல் விட்ட நாலைந்து நீல விளிம்புக் கிண்ணங்கள் மட்டும் கிடந்தன.

"ஒராஸ்பெக் அண்ணா, மத்த கிண்ணமெல்லாம் எங்கே?"

"கழுவி வெயில்ல கவுத்து வச்சிருந்தாங்களேம்மா..." ஒராஸ்பெக் தலையைச் சொறிந்தார். பாவம், தன் அப்பா துர்சின்பாயின் நாற்பதாம் நாள் விருந்தை முடித்துவிட்டு அப்போதுதான் அக்கடா என்று உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றேழு வயதில் கல்யாணச் சாவு. ஊரே வந்து ஆட்டுக்கறியும் சூப்புமாக வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது.

பெரியவரின் ஆயுள் தங்களுக்கும் ஒட்டட்டும் என்று விருந்து வீட்டிலிருந்து ஆளுக்கொரு துணித்துண்டு எடுத்துப் போவது அந்த ஊர் வழக்கம். வாசலில் வைத்த துணிக்கூடை இன்னும் நிறைந்தபடியே இருந்தது. குன்சுலு அதைத் தூக்கி, அடியில் கிண்ணம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள். வெறும் மண்.

அவளுக்கு அழுகை முட்டியது. போன வருஷம் அவள் வீட்டுப் பெண் ஒட்டகம் வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தால், விருந்துகளில் தூக்கி எறிந்த பிளாஸ்டிக் தட்டும் பையுமாக உள்ளே ஒரு பந்து. அன்றிலிருந்து வீடு வீடாகக் கெஞ்சிக் கூத்தாடி, ஊர்ப் பொதுவில் இந்தப் பீங்கான் கிண்ணங்களை வாங்கிச் சேர்த்தாள். யார் வீட்டு விருந்தானாலும் இனி இதில்தான் என்று பேச்சு.

பேச்சோடு சரி, இதுவரை ஒருத்தரும் முன்வரவில்லை. இதுதான் முதல் விருந்து. நாளைக்கு ஜெய்னெப் வீட்டுக் கல்யாணம் இரண்டாவது. அங்கே கிண்ணம் இல்லையென்றால் மறுபடியும் பிளாஸ்டிக்தான். அப்புறம் இந்தப் பெட்டியை ஒரு நாய்கூட முகர்ந்து பார்க்காது.

சட்டென்று நினைவு வந்தது. மத்தியானம் இந்த வீட்டுப் பின்பக்கம் சாபித்தின் வண்டி நின்றதே! பிளாஸ்டிக் தட்டு விற்பவன் அவன்தானே! குன்சுலு அவன் கடைக்கு விடுவிடென்று நடந்தாள்.

"வாங்க அண்ணி," என்றான் சாபித், பல்லெல்லாம் தெரிய.

"உன் வண்டி ஒராஸ்பெக் அண்ணா வீட்டுப் பின்னாடி எதுக்கு நின்னுச்சு?"

"சர்க்கரை மூட்டை இறக்கத்தான். உங்க கிண்ணத்தை எடுத்து நான் என்ன ஒட்டகத்துக்கா சூப்பு ஊத்தப் போறேன்?"

அவளுக்குச் சுருக்கென்றது. கல்லா அருகில் பிளாஸ்டிக் தட்டுகள் கட்டுக்கட்டாய்த் தயாராக இருந்தன.

"இது யாருக்கு?"

"ஜெய்னெப் அக்காவுக்கு. இப்பதான் சொல்லி அனுப்பினாங்க."

"கிண்ணம் காணோம்னு எனக்கே இப்பதான் தெரியும். அதுக்குள்ள அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஊருக்கே தெரியும் அண்ணி, உங்களைத் தவிர," என்று சிரித்தான்.

குன்சுலு ஜெய்னெப் வீட்டுக்கு ஓடினாள். டீ குடிக்காமல் யாரையும் அனுப்பாத வீடு அது. இன்றைக்கு ஜெய்னெப் வாசல் கதவைப் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

"அக்கா, ராத்திரிக்குள்ள எப்படியாவது தேடிடறேன். தட்டு மட்டும் வாங்காதீங்க."

"எங்கேன்னு தேடுவ? விட்டுடு குன்சுலு. கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு." அவள் முகத்தைப் பார்க்காமலே ஜெய்னெப் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் முட்செடிகளில் பழைய பைகள் காற்றில் படபடத்தன. யாரோ தன்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பது போல இருந்தது அவளுக்கு.

வீட்டுக்குள் நுழைந்ததும் கம்பளத்தில் அப்படியே சரிந்தாள். மாமியார் உல்மேகன் டீப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்து முழுசா ஒரு மாசம் ஆகல. இந்த உடம்பை வச்சிக்கிட்டு இப்படி அலையிறியே கண்ணு."

"எல்லாம் முடிஞ்சுது அத்தை. இனிமே எவளும் என்னை நம்பி ஒரு கிண்ணம் தரமாட்டா. நீங்க கழுவுற இடத்துலதானே இருந்தீங்க? எந்தத் திருட்டுக் கழுதை எடுத்தான்னு பார்க்கலையா?"

உல்மேகன் பால் டீயை அரைக் கிண்ணம் ஊற்றி நீட்டினார். "சூடா குடி முதல்ல."

வாங்கி உதட்டருகே கொண்டுபோன குன்சுலுவின் கை அப்படியே நின்றது. கிண்ணத்தின் விளிம்பு நீலம்.

"அத்தை... நீங்களுமா திருடுனீங்க?"

"வாயைக் கழுவு! இத்தனை வருஷமும் பிளாஸ்டிக் தட்டுல போட்டாங்க. அதை எவ எடுத்துட்டுப் போவா? அதான் துணித்துண்டே போதும்னு வந்தோம். இந்தத் தடவை நீ கொண்டுவந்து வச்சது பெரியவர் ஆயுசு ஒட்டட்டும்னு எடுத்துட்டுப் போறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு." உல்மேகன் மருமகளின் தலையை வருடினார். "ஊரே ஆளுக்கொண்ணு எடுத்துச்சுதான், ஆனா உன் ஆயுசு கெட்டியா இருக்கணும்னு முதல் கிண்ணத்தை எடுத்தது நான்தான் கண்ணு."