நிழல் பாடம்

"டீச்சர் இன்னிக்கும் டிரோனைப் பார்த்து ஓடுவாங்க, பாரேன்!" என்று ஒரு குஞ்சு கிசுகிசுத்தது கோழி டீச்சரின் காதில் விழுந்துவிட்டது.

நிழல் விழுந்தால் புதருக்குள் ஓட வேண்டும் என்பதுதான் அவள் நடத்தும் பாடம். வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன் தினமும் பறக்க ஆரம்பித்ததிலிருந்து, குஞ்சுகள் எந்த நிழலுக்கும் ஓடுவதில்லை. பருந்து வந்தாலும் இப்படியே நிற்குமே என்று நினைத்தபடி அவள் அவற்றின் அருகே வந்தாள்.

"டிரோன்தான்னு எப்படிடா கண்டுபிடிக்கிறீங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கொர்ருனு சத்தம் வருமே டீச்சர், கேட்டதில்லையா?"

அப்போது ஒரு நிழல் விழுந்தது. குஞ்சுகள் மேய்ந்துகொண்டே இருந்தன. எடுத்த காலை அப்படியே நிறுத்தி, டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"சத்தமே இல்லடா! ஓடுங்க!"

கிசுகிசுத்த குஞ்சுதான் முதலில் புதருக்குள் பாய்ந்தது.