டேஷ்போர்டுக்குள் ஒரு சத்தம்

"சத்தம் வருதாக்கா?" என்று மெக்கானிக் கேட்டதும், பதில் சொல்வதற்கு முன் அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"அவளுக்குக் கேக்குது," என்றான் கணவன். தகடு வெட்டும் ஆலையில் பத்து வருடம் மெஷினோடு மல்லுக்கட்டியும் எதற்கும் பதறாதவன். இப்போதும் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

காரில் ஏறும்போதெல்லாம் டேஷ்போர்டுக்குள் யாரோ விரலால் சுண்டுவதுபோல அவளுக்குக் கேட்டது. ஒரு மாதமாகிறது. அவனும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லையேம்மா" என்றான்.

அவளுடைய பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சுவருக்குள் யாரோ தட்டுகிறார்கள் என்றாள். கடைசிப் பதினோரு வருடங்களை மனநல விடுதியில் கழித்தாள். அந்தக் கதை தெரிந்ததால் கணவன் அவளிடம் வாதாடவில்லை. நாளை நாலு மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான்.

குழந்தையையும் தன் அறைக்கு மாற்றிக்கொண்டான். தூக்கம் வராமல் அவள் போட்டுக்கொண்ட மாத்திரையின் அரைமயக்கத்தில் குழந்தை வீறிடுவது அவளுக்குக் கேட்கும், எழ முடியாது. காலையில் விசாரித்தால், "ராத்திரி பூரா அழவே இல்லம்மா" என்பான். குழந்தையின் குரல் மட்டும் கம்மியிருக்கும். சளி என்று இருவரும் மருந்து கொடுத்தார்கள்.

டாக்டரிடம் போகுமுன் ஒரே ஒரு தடவை மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று கெஞ்சி அவனை அழைத்து வந்திருந்தாள். இந்த மெக்கானிக்குக்கும் கேட்காவிட்டால், சத்தம் அவளுடைய தலைக்குள்தான் இருக்கிறது.

மெக்கானிக் சாவியைத் திருகி ஏசியைப் போட்டான். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டாவதும் போனது.

"போலாமா?" என்று கணவன் மெல்ல அவள் தோளைத் தொட்டான்.

"இருங்க சார். ஒரே குளிர்ல வெச்சா இது சமத்தா இருக்கும். கொஞ்சம் சீண்டிப் பாப்போம்." மெக்கானிக் குமிழைக் குளிரிலிருந்து சூட்டுக்குத் திருப்பினான்.

டக். டக். டக். டக்.

அவளுக்குக் கேட்டது. மெக்கானிக்கோ தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டான். விடுதி ஜன்னல் கம்பியைப் பற்றியிருந்த பெரியம்மாவின் விரல்கள் கண்முன் வந்தன.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"எப்படி?"

"இந்த டக்டக்தான்."

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் கேக்குதா? நெஜமாவா?"

"எனக்கு என்னக்கா, எதிர்ல இருக்குற டயர்கடைக்காரரே திரும்பிப் பாக்குறாரு. அவரு லாரி ஹார்னுக்கே திரும்ப மாட்டாரு."

பேசிய இருவரின் வாயையும் கணவன் புருவம் சுருக்கி மாறி மாறிப் பார்த்தான்.

மெக்கானிக் டேஷ்போர்டின் அடியில் இருந்த பெட்டியைக் கழற்றி உள்ளே கையை விட்டான். இரண்டு திருகாணிகள் வந்தன. பின்னாலேயே சோப்புக்கட்டி அளவில், ஒயர் இன்னும் காரோடு மாட்டியிருக்க, ஒரு கறுப்பு மோட்டார் வந்தது.

"ஆக்சுவேட்டர்க்கா. சூட்டுக் காத்தையும் குளுருக் காத்தையும் கலக்குற கதவைத் திருப்புறது இதுதான். உள்ள பல்லு ஒண்ணு போயிருச்சு. அதான் போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாம, நின்ன இடத்துலயே கெடந்து அடிச்சுக்குது. புதுசு போட்டா அரைமணி நேர வேலை." அவளைப் பார்த்துச் சிரித்தான். "உங்க காது தங்கமான காது."

அவள் அழுதாள். அழுகையிலேயே சிரிப்பும் வந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போவது போலிருந்தது. "ஏங்க, நாளைக்கு டாக்டர் வேணாங்க," என்றாள்.

மெக்கானிக் இன்ஜினையும் காற்றாடியையும் நிறுத்திவிட்டு, மோட்டாருக்குக் கரண்ட் வரட்டும் என்று சாவியை மட்டும் ஆனில் விட்டுவைத்தான். பட்டறை அமைதியானது. மோட்டாரைக் கணவனின் காதருகே தூக்கிப் பிடித்தான்.

"நம்பாதவரு நீங்கதானே சார். இப்பக் கேளுங்க."

டக். டக். டக்.

கணவன் மோட்டாரைத் தன் கையில் வாங்கினான். துள்ளித் துள்ளித் திரும்பும் அச்சை உற்றுப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"சுத்துது, சரி. சத்தம் எங்க?"