கண்ணைப் பொத்தினால் தெரியாது

கண்ணாமூச்சி ஆட குட்டிக்கு ஒளியும் இடமே வேண்டாம். கூடத்தின் நடுவில் சப்பணமிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வாள். அவ்வளவுதான், உலகத்தில் யார் கண்ணுக்கும் அவள் தெரியமாட்டாளாம். இரண்டரை வயதின் நியாயம் அது. அம்மாவும் விட்டுக்கொடுப்பாள். படுக்கையறைத் திரையைச் சர்ரென்று இழுத்து, "இங்க இல்லையே!" என்பாள். பீரோவைத் திறந்து, "இங்கயும் இல்லையே!" என்பாள். அந்த 'இல்லையே'வுக்குக் குட்டிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். ஆட்டம் அதோடு முடியும்.

இன்று அவள் சிரிக்கவில்லை. அம்மா வந்து தொட்டும் கையை எடுக்கவில்லை.

"போதும்டி செல்லம், அம்மாவுக்கு வேலை கிடக்கு."

"நீயும் மூடிக்கோம்மா," என்று கிசுகிசுத்தாள் குட்டி. "அது இன்னும் தேடுது."

அப்பா வேலைக்குப் போனதும் வாசல் கதவைத் தாழிட்டாயிற்று. வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டே பேர்.

படுக்கையறையில் திரை சர்ரென்று இழுபட்டது. சற்றுப் பொறுத்து பீரோ கிறீச்சிட்டது. பிறகு, அவசரமே இல்லாமல், காலடிச் சத்தம் கூடத்தை நோக்கி வந்தது.

அம்மா குட்டியை ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கண்ணை இறுகப் பொத்திக்கொண்டாள்.

காலடி எதிரே வந்து நின்றது. ஏதோ குனிந்தது, அதன் மூச்சு அவள் விரல்களில் பட்டது.

"இங்கயும் இல்லையே!" என்றது, அச்சு அசலாக அவள் குரலில்.

குட்டிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.