அம்மா வீட்டுக்குப் பூ

மேட்டூர் அணையின் நடுத்தண்ணீரில் துரையின் புதுப் படகு கனவில் மிதப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது. உள்ளே அருணகிரிக்கு வேர்த்துக் கொட்டியது.

"பொழுது சாயத் துரை வந்துருவாரு. கக்கூஸு அடைச்சுக் கெடந்தா என் வேலை போச்சு புள்ள!"

பிடியை அமுக்கினால் பீங்கானில் இருப்பது குழாய் வழியாக அடித்தண்ணீருக்குப் போக வேண்டும். போகவில்லை.

"கீழதானுங்க எங்கம்மா ஊடு, நானும் வாரேன்" என்று பூக்கூடையோடு படகேறிய அவன் மனைவி சென்னியம்மாள், வெறுங்கூடையை மடியில் வைத்துத் தண்ணீரையே பார்த்திருந்தாள்.

ஸ்பானரால் குழாயைக் கழற்றினான். கை நிறையச் செவ்வந்திப்பூ வந்தது.

"ஏம்புள்ள, இதுலயா போட்ட?"

"இன்னும் ஆரும் ஒக்காராத புதுசுதானுங்களே."

"அணைத்தண்ணியில போடறதுதான?"

"போட்டனுங்க. மெதந்து எங்கியோ போயிருச்சு. இதுல போட்டு அமுக்குனா நேரா கீழ போயிருமின்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அருணகிரி கரையிலிருந்த கரட்டுக் குன்றை அடையாளம் பார்த்தான். அணை நிரம்பியபோது முழுகிப்போன அவள் ஊர் இங்கேதான் இருந்தது. வீட்டுப் பூவரசடியில்தான் அவள் அம்மாவைப் புதைத்திருந்தார்கள்.

அவன் குழாயைப் பூட்டினான். பூவை அலசித் துண்டில் முடிந்து, ஸ்பானரையும் சேர்த்துக் கட்டித் தண்ணீரில் விட்டான். மிதக்காமல் இறங்கியது. சென்னியம்மாள் கைகூப்பினாள்.

சாயங்காலம், ஸ்பானர் எங்கே என்று துரை கேட்டார்.

"மாமியா ஊட்டுல இருக்குதுங்க" என்றான் அருணகிரி.