இன்றைக்கு மட்டும் டாக்ஸி

இந்தக் காலத்து ஜனங்கள் சாவைக்கூட ஒளித்து வைக்கப் பழகிவிட்டார்கள் என்று முனகியபடியே, கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த ‘இறுதி யாத்திரை சேவை’ ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார் பிச்சைக்கனி. எழவு விழுந்தால் தெருவே கேட்க அழ வேண்டாமா? இங்கே என்னடாவென்றால் இந்த வயசில் டாக்ஸிக்காரன் வேஷம்.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் வண்டியை அழைத்திருந்த பெரியவர் கல்யாணராமன். “பிள்ளை மகேஷ் லீவுல வரான்னு சொல்லித்தான் ஆத்துக்காரியை அழைச்சுண்டு வரேன். ஆத்துல தனியா விட்டா அக்கம்பக்கத்துல யாராவது உளறிடுவா. அவளுக்கு நெஞ்சுல மெஷின் வெச்சிருக்கு. கேட்ட க்ஷணமே போயிடுவா.”

“சாமி, பெட்டி ஏத்துன ஆம்புலன்ஸ் பின்னாலயே வருமே, வீட்டு வாசல்ல அதைப் பாத்தா அம்மா கேக்க மாட்டாவளா?”

“அதுக்குள்ளே டாக்டர் வந்துடுவார். அவரைப் பக்கத்துல வெச்சுண்டு சொல்லிக்கறேன். உங்க காலைப் பிடிச்சுக்கறேன், வாயைத் திறந்துடாதேள்.”

அவர்கள் வீடு இருந்த ஸ்ரீவராகத்திலிருந்து ஏர்போர்ட் பக்கம்தான். துபாயில் செத்துப்போன ஒற்றை மகன் சவப்பெட்டியில் வந்துகொண்டிருந்தான். பெற்றவள் சரஸ்வதியம்மாளோ பின்சீட்டில் கைப்பையை மடியில் வைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணராமன் வலிந்து சிரித்தார். “கேட்டேளா டிரைவர், காத்தாலேயே கேஸ் தீந்துடுத்தாம். பிள்ளை வர அன்னிக்குப் பாத்து அடுப்பே பத்த வெக்கலை இவ!”

“ஒரு நாள்தானே. ஹோட்டல்லேருந்து வாங்கிண்டா ஆச்சு” என்றாள் அவள், திரும்பாமலே.

அவள் முகம் தெரியாதபடி முன்கண்ணாடியைத் திருப்பி வைத்தார் பிச்சைக்கனி. போன வாரம் ஆபீஸில் ஆர்ஷா என்ற மலையாளப் பெண் எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கிளாஸ் எடுத்தாள். “துக்கத்துல இருக்கவங்ககிட்ட கள்ளம் பறயக் கூடாது மாமா, பொய்யே சொல்லக் கூடாது. கூட இருக்கணும், அவங்க சொல்றதக் கேக்கணும். அது மதி, அது போதும்.”

“முப்பது வருசமா பொணம் தூக்குதேன். எனக்கு நீ எழவு படிப்பிச்சுத் தரியாக்கும்?” என்று பாதியிலேயே எழுந்து வந்தவர் அவர். படித்தவர்கள் பேச்சை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. ஆனால் ஒப்புக்கொண்ட இந்தப் பொய்யும் அவருக்கு ஒத்துவரவில்லை.

ஏர்போர்ட்டில் காரை ஓரங்கட்டியதும் கல்யாணராமன் இறங்கினார். “ஃப்ளைட் வந்துடுத்தான்னு பாத்துண்டு வரேன்.” பெட்டியை வாங்குவதற்காகச் சட்டைக்குள் ஒளித்திருந்த காகிதங்களை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, கட்டிடத்தின் பின்பக்கம், சவப்பெட்டிகள் வரும் கார்கோ கேட்டுக்குப் போனார். வழியில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிச்சைக்கனி யோசித்தார். இப்போதே சொல்லிவிட்டால் என்ன? சொன்ன நொடியில் சீட்டிலேயே சாய்ந்துவிட்டால்? சொல்லாமல் கொண்டுபோய் வாசலில் பெட்டியைக் காட்டினால் மட்டும் பிழைத்துக்கொள்வாளா?

“அம்மா…”

“என்ன டிரைவர்?”

“ஏசி போடட்டா?”

“வேண்டாம். நேக்கு ஒண்ணும் வேண்டாம்.”

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கிவிட்டார். “கூட இருக்கணுமாம், கேக்கணுமாம்! வாயில பொய்ய வச்சுக்கிட்டு என்னத்தக் கூட இருக்கதுக்கு?” கண்ணெதிரே இல்லாத ஆர்ஷாவைத் திட்டிக்கொண்டே டீக்கடையைப் பார்க்க நடந்தார். அந்தப் பெண் சொன்னதிலும் நம்பிக்கையில்லை, பெரியவர் சொன்னதிலும் நம்பிக்கையில்லை. யாரோ எப்படியோ போகட்டும்.

பின்னால் கார்க் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

“டிரைவர், கார்கோ கேட்டுக்குப் போங்கோ. பெட்டியைப் பாத்தா அவர் தாங்க மாட்டார், கூட நில்லுங்கோ. நேக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதேள்.”