வாசல் நிறைய அதிர்ஷ்டம்

"புது வருஷம் பொறந்திருக்கு. கொஞ்சம் நம்பிக்கையா இருடி!" என்றாள் வெளியூரிலிருந்து போனில் அக்கா.

"எதை வச்சுக்கா? என் வாசல்ல ஒரு தட்டுகூட உடையல. எதிர்வீட்டுல மலையாக் குவிஞ்சு கெடக்கு."

ஆண்டின் கடைசி இரவில் நண்பர்கள் வந்து, நம் வாசலில் பழைய தட்டுகளை உடைத்துவிட்டு ஓடுவது டென்மார்க் வழக்கம். சில்லு எவ்வளவோ, அவ்வளவு அதிர்ஷ்டம். எதிர்வீட்டில் இருப்பது என்னை உதறிவிட்டுப் போன பிரெபெனும், அவனைக் கொத்திக்கொண்டு போன லிஸ்பெட்டும்.

"அதுங்க எக்கேடோ கெட்டுப் போகட்டும், விடுடி."

"விடமாட்டேன். அதுங்க அதிர்ஷ்டத்தை மொத்தமா வாரிக் குப்பையில கொட்டிட்டு வரேன்."

துடைப்பமும் வாளியுமாகத் தெருவைக் கடந்தேன். குனிந்து ஒரு சில்லை எடுத்தேன். இன்னொன்றை எடுத்தேன். இரண்டையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அழைப்பு மணியை அழுத்தினேன்.

லிஸ்பெட் கதவைத் திறந்தாள்.

"வாழ்த்துகள், லிஸ்பெட்! ராத்திரி நிறையப் பேர் வந்தாங்க போல?"

"ஆமா, கூட்டம் தாங்கல," என்றாள் தலையை நிமிர்த்தி. "உன் வாசல்தான் பாவம், வெறிச்னு கெடக்கு."

"வந்தவங்க அத்தனை பேரும் என் கல்யாணத் தட்டையா கொண்டுவந்தாங்க? விவாகரத்தப்போ உன் பிரெபென் சண்டை போட்டு எடுத்துட்டு வந்த செட்டாச்சே!"

அவள் முகம் வெளுத்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"நீ சொன்னது சரிதான்க்கா. இந்த வருஷம் அமோகமா இருக்கும்!"