ஆளுக்கொரு படம்

உகண்டா அகதி முகாமில் தொண்டராகப் படம்பிடித்துவிட்டு ஸ்காபரோ திரும்பிய ஸ்டெபனி, கணவன் மரியோவுக்கு லேப்டாப்பில் படங்களைக் காட்டினாள்.

"எவ்வளவு ஆசையா வந்து நிண்டவை தெரியுமா? தலை இழுத்து, நல்ல உடுப்புப் போட்டு. ஆனா ஃபமிலி போட்டோ எடுப்பம் எண்டா வேண்டாமாம். சின்னப் பிள்ளையளையும் தனித்தனியா எடுக்கட்டாம்."

அடுத்த படத்துக்குப் போகப்போனவளை மரியோ நிறுத்தினான்.

"வன்னியில எங்கட முகாமுக்கும் ஒரு வெள்ளைக்காரன் கமராவோட வந்தவன். அம்மா எங்களையும் தலை இழுத்து, தனித்தனியாத்தான் நிப்பாட்டினவ."

"ஏன்?"

"செத்தா வைக்க ஒரு படம் வேணுமே."

ஸ்டெபனி நிமிர்ந்தாள். சுவரில், மெழுகுதிரிக்கு மேலே, மரியோவின் இறந்துபோன தங்கை தலை வாரித் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு எடுத்த என்ர படமும் அலுமாரிக்குள்ள கிடக்கு," என்றான் மரியோ.